பயத்துக்குப் போடும் கண்ணாடி

சிசேரியன் என்றதும் நம் வீடுகளில் எழும் கேள்விகள் நான்கைந்துதான். தாய் நலமா, குழந்தை நலமா, எவ்வளவு செலவு, எத்தனை நாளில் வீடு திரும்பலாம், அடுத்ததாவது சுகப்பிரசவம் ஆகுமா. மேசைமேல் படுத்திருந்த நேரத்தில் அவளுக்கு எப்படி இருந்தது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. அவள் மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள் என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் இன்று பெரும்பாலான சிசேரியன்கள் தாய் முழு விழிப்போடு இருக்கும்போதே நடக்கின்றன. முதுகை வளைத்து உட்காரச் சொல்லி, இடுப்பு மட்டத்தில் முதுகெலும்புகளுக்கு நடுவே மெல்லிய ஊசியால் மருந்தைச் செலுத்துகிறார்கள். சில நிமிடங்களில் கால்கள் கனத்து, மார்புக்குக் கீழே உடம்பு மரத்துவிடுகிறது. வலி போய்விடும். ஆனால் அழுத்துவதும் இழுப்பதும் தெரியும். மார்புக்கு நேரே கட்டிய துணித் திரைக்கு அப்பால் தன் வயிற்றில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. கருவிகள் தட்டில் விழும் ஓசை கேட்கும், உறிஞ்சு குழாயின் சத்தம் கேட்கும், தசை கருகும் வாடை வரும். கையில் கட்டிய பிரஷர் பட்டை சில நிமிடத்துக்கொரு முறை தானாக இறுகித் தளரும். ரத்த அழுத்தம் இறங்கினால் குமட்டும். குளிர் இல்லாமலேயே பல் கிட்டித்து உடம்பு நடுங்கும். இவை எல்லாம் மருத்துவரைப் பொறுத்தவரை வழக்கமானவை. முதல் முறை படுத்திருக்கும் பெண்ணுக்கு ஒவ்வொன்றும் தான் சாகப்போவதன் அறிகுறியாகத் தோன்றலாம்.

இந்தப் பயத்தை மருந்தால் அடக்குவது எளிதல்ல என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வேறு அறுவையாக இருந்தால் பதற்றம் தணிக்கும் ஊசி ஒன்றைப் போட்டு நோயாளியை அரைத்தூக்கத்தில் வைத்துவிடுவார்கள். பிரசவத்தில் அந்த மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். பிறந்த குழந்தை சோர்ந்து கிடக்கலாம், மூச்சு மந்தமாகலாம். தாய்க்கும் அந்த நேரத்து நினைவு மங்கிவிடும். பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்டோமா என்பதே நினைவில் நிற்காமல் போகலாம். அதனால் குழந்தையை எடுக்கும்வரை மயக்க மருந்து மருத்துவர்கள் இத்தகைய ஊசிகளைக் கூடுமானவரை தவிர்க்கிறார்கள். மருந்தில்லாமல் பயத்தைத் தணிக்க வழி உண்டா என்ற தேடல் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இசை, பேச்சு, கையைப் பிடித்துக்கொள்ளுதல் என்ற பழைய வழிகளின் வரிசையில் அண்மையில் வந்து சேர்ந்திருப்பது வி.ஆர். எனப்படும் மெய்நிகர் காட்சிக் கண்ணாடி. கண்களை முழுவதும் மூடும்படி தலையில் மாட்டும் இந்தக் கருவிக்குள் இரண்டு சிறு திரைகள் இருக்கின்றன. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். அறுவை அறையில் படுத்திருப்பவருக்குக் கடற்கரையோ காடோ சுற்றிலும் விரிந்ததுபோல் இருக்கும்.

இது வெறும் வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1990களிலேயே தீக்காய நோயாளிகளிடம் இதைச் சோதிக்கத் தொடங்கினார்கள். தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது வரும் வேதனை, வலுவான வலிமருந்துகளுக்கும் முழுதாக அடங்காதது. அவர்கள் உருவாக்கிய ‘ஸ்னோ வேர்ல்டு’ என்ற பனி உலகத்தில் நோயாளி பென்குவின்கள்மீதும் பனி மனிதர்கள்மீதும் பனிப்பந்து எறிந்துகொண்டிருப்பார். அதற்குள் செவிலியர் கட்டை மாற்றி முடிப்பார். நோயாளிகள் சொன்ன வலியின் அளவு கணிசமாகக் குறைந்தது. வலியை உணரும் மூளைப் பகுதிகளின் இயக்கமும் அந்த நேரத்தில் தணிவதை ஸ்கேன் படங்கள் பின்னர் காட்டின. இதற்கான விளக்கம் எளிமையானது. மனிதக் கவனத்துக்கு எல்லை உண்டு. கண்ணையும் காதையும் கையையும் வேறொரு உலகம் பிடித்துக்கொண்டால் வலிக்கும் பயத்துக்கும் மிஞ்சும் கவனம் குறைவு. நாள்பட்ட இடுப்பு வலிக்கு இத்தகைய கண்ணாடிச் சிகிச்சை ஒன்றுக்கு அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-ல் அனுமதி அளித்த பிறகு, மருத்துவ உலகம் இதைக் கருவியாகவே மதிக்கத் தொடங்கிவிட்டது.

பிரசவத்தில் கிடைத்த சான்றுகளை நிதானமாகப் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸின் சீடார்ஸ் சைனாய் மருத்துவமனையில், முதல் பிரசவத்துக்கு வந்து வலி எடுத்திருந்த 40 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் அரை மணி நேரம் கண்ணாடியை மாட்டினார்கள். மாட்டியவர்களின் வலி சற்றுக் குறைந்தது. மாட்டாதவர்களுக்குச் சற்றுக் கூடியது. இது சுகப்பிரசவ வலி பற்றியது. சிசேரியனுக்கு நேராகப் பொருந்தும் ஆய்வு சவூதி அரேபியாவின் நஜ்ரானில் நடந்தது. 351 பெண்கள் பங்கேற்ற அந்த ஆய்வு 2022-ல் வெளியானது. அறுவையின்போது கண்ணாடி அணிந்தவர்களிடம் பதற்றமும் மன அழுத்தமும் குறைந்ததாக அது காட்டியது. நெதர்லாந்தில் 2019-ல் வெளியான இன்னொரு ஆய்வு வேறு வழியில் போனது. சிசேரியனுக்குத் தேதி குறித்த பெண்களுக்கு, அறுவை நாளில் நடக்கப்போகும் அத்தனையையும் மெய்நிகர் படமாக முன்கூட்டியே காட்டினார்கள். 97 பெண்களை ஒப்பிட்டபோது, படம் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் அறுவைக்கு முந்தைய பதற்றத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பார்த்தவர்களில் பெரும்பாலோர் தாங்கள் தயாராக வந்ததாக உணர்ந்தார்கள் என்பது உண்மை. ஆனால் முன்பு அவசர சிசேரியனுக்கு ஆளானவர்களிடம், படம் பார்த்தபின் பதற்றம் ஏறும் போக்கும் தென்பட்டது.

இவற்றிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம்? கண்ணாடி வேலை செய்கிறது. அளவோடுதான் வேலை செய்கிறது. மருந்து ஆய்வுகளில் யாருக்கு உண்மை மாத்திரை, யாருக்குப் போலி மாத்திரை என்பதை மறைத்துவிடலாம். தலையில் கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்பதை யாரிடம் மறைப்பது? புதுக் கருவியின் மீதுள்ள ஆர்வமும், ‘நமக்காக ஏதோ தனியாகச் செய்கிறார்கள்’ என்ற நிறைவும் முடிவில் கலந்துதான் இருக்கும். மேலும் இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் நாள் குறித்து நிதானமாக வந்த பெண்களிடம் நடந்தவை. விளக்கிச் சொல்லி, கையெழுத்து வாங்க அவகாசம் இருந்தவர்கள் அவர்கள். நள்ளிரவில் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கி, பத்து நிமிடத்தில் மேசைக்கு ஏற்றப்படும் பெண்ணுக்கு அதே பலன் கிடைக்கும் என்று அந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. எல்லோரையும்விட அதிகம் பயப்படுபவள் அவள்தான்.

அந்தப் பெண் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருபவளாக இருந்தால் கணக்கு இன்னும் மாறும். அந்த மலையில் உள்ள, திருவண்ணாமலை மாவட்டத்தின் மலை வட்டமான ஜமுனாமரத்தூரில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். சாமையும் பலாவும் தேனும் விளையும் நிலம். சமவெளிக்காரர்களுக்கு அந்த மலையின் பெயர் கோடை விழாவையும் பீமன் அருவியையும் நினைவுபடுத்தும். அங்கே வாழும் கர்ப்பிணிக்கு முதல் கவலை பாதை. அறுவை தேவை என்று ஆகிவிட்டால் கொண்டை ஊசி வளைவுகளில் போளூருக்கோ, அதையும் தாண்டித் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ இறங்க வேண்டும். வண்டி எட்டாத குக்கிராமங்களில் டோலி கட்டித் தார்ச்சாலைவரை தூக்கிவரும் செய்தி இன்னும் பழங்கதை ஆகிவிடவில்லை. இந்தத் தூரத்தை எண்ணித்தான், நாள் நெருங்கியவர்கள் முன்னதாகவே வந்து தங்கப் பிரசவக் காத்திருப்பு அறைகளை மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் தமிழக அரசு ஏற்படுத்தியது. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019–21-ன்படி தமிழகத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. உடம்பைப் பத்திரமாக மேசைவரை கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாட்டில் தமிழகம் பெரிதும் வென்றிருக்கிறது. மேசைக்கு வந்து சேர்ந்தபின் மனதுக்கு என்ன ஏற்பாடு என்பதே இனி உள்ள கேள்வி.

அந்த மனதில் இருக்கும் பயத்தைப் பிரித்துப் பார்த்தால் மூன்று இழைகள் தெரிகின்றன. முதலாவது உடம்பின் பயம்: ஊசி, இழுப்பு, நடுக்கம், குமட்டல். இரண்டாவது அறியாத இடத்தின் பயம்: அந்த விளக்கு என்ன, இவர்கள் யார், ஏன் காலை அசைக்க முடியவில்லை, ஆங்கிலம் கலந்து என்ன பேசிக்கொள்கிறார்கள். மூன்றாவது தனிமையின் பயம்: கூட வந்த அம்மாவும் மாமியாரும் கணவரும் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள், உள்ளே தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. நகரத்தில் ஒன்பது மாதமும் ஒரே மருத்துவரிடம் பார்த்து, அவரிடமே அறுவைக்குப் போகும் பெண்ணுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் ஓரளவு குறைந்திருக்கும். நஜ்ரானிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் கண்ணாடி தணித்தது பெரும்பாலும் முதல் இழையைத்தான் என்று தோன்றுகிறது. ஜமுனாமரத்தூர்ப் பெண்ணிடம் மேலோங்கி நிற்பவை மற்ற இரண்டும். முன்பின் தெரியாதவர்கள் சூழ்ந்து நிற்கையில், என்ன ஏது என்று சொல்லாமல் கண்ணையும் காதையும் மூடிவிட்டால் அவளுக்குப் பயம் குறையுமா, கூடுமா? தன்னைச் சுற்றி நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒருவகைத் தற்காப்புதான். அதைப் பறித்துக்கொள்ளும் கருவி, நம்பிக்கை ஏற்பட்ட பிறகு கொடுத்தால் ஆறுதலாகும்; நம்பிக்கைக்குப் பதிலாகக் கொடுத்தால் கண்கட்டாகிவிடும்.

தனிமையின் பயத்துக்கு மருந்து எது என்பது தெரியாத விஷயமல்ல. பிரசவ நேரத்தில் தாயோடு ஒருவர் விடாமல் உடனிருப்பது பற்றி 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளை, அவற்றில் பங்கேற்ற 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களோடு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-ல் தொகுத்தது. துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடியது, சிசேரியன் குறைந்தது, பிரசவ அனுபவம் மோசமாக இருந்தது என்று சொன்னவர்களும் குறைவு. பெண் தானே தேர்ந்தெடுக்கும் துணை உடனிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. இதில் தமிழ்நாடு பிந்தியதும் இல்லை. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கலாம் என்ற திட்டத்தை 2004-லேயே கொண்டுவந்து, இந்தியாவில் முன்னோடியாக நின்ற மாநிலம் இது. ஆனால் அந்தத் துணை பிரசவ அறையோடு நின்றுவிடுகிறது. அறுவை என்று முடிவானதும், மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில், துணைக்கு வந்தவரை வெளியே நிறுத்திவிட்டுக் கதவு மூடிக்கொள்கிறது. பிரிட்டனில் முதுகு ஊசி போட்டு நடக்கும் சிசேரியனில், திரைக்கு இந்தப் பக்கம், தாயின் தலைமாட்டில் கணவரோ தாயோ உட்கார்ந்திருப்பது அன்றாட நடைமுறை.

இதற்கு மருத்துவர்கள் சொல்லும் மறுப்புகள் அலட்சியப்படுத்தக் கூடியவை அல்ல. அறுவை அறைக்குள் ஆள் கூடக்கூடத் தொற்று அபாயம் கூடும் என்பார்கள். ரத்தத்தைப் பார்த்துத் துணைக்கு வந்தவரே மயங்கி விழுந்தால் யார் தூக்குவது என்பார்கள். ஒரே அறையில் அடுத்தடுத்து அறுவை நடக்கும் அரசு மருத்துவமனையில் இதற்கெல்லாம் இடம் எங்கே என்பார்கள். ஏதாவது தவறினால் உள்ளே இருந்த உறவினர் சண்டைக்கு வருவார் என்ற தயக்கமும் உண்டு. முதல் இரண்டுக்கும் விடை ஏற்பாட்டில் இருக்கிறது. கைகழுவி, அறுவை அறை உடையும் தொப்பியும் முகக்கவசமும் அணிந்து, நாற்காலியைவிட்டு எழாமல் தலைமாட்டில் இருப்பவர் அறுவைக் களத்தின் பக்கமே வருவதில்லை; திரை அவருக்கும் மறைப்புதான். நிலைமை மோசமானாலோ முழு மயக்கம் கொடுக்க நேர்ந்தாலோ அவரை வெளியே அழைத்துப்போவது முன்கூட்டியே பேசிவைத்த விதியாக இருக்க வேண்டும். மூன்றாவது மறுப்பு நியாயமானது. எல்லா மருத்துவமனையிலும் நாளைக்கே முடியாது. அதற்கும் மாற்று உண்டு: உறவினருக்கு இடமில்லாத இடத்தில், தாயோடு பேசுவதை மட்டுமே தன் வேலையாகக் கொண்ட ஒரு செவிலியரை அந்த அரை மணி நேரம் தலைமாட்டில் நிறுத்தலாம். நான்காவது மறுப்பு அச்சத்திலிருந்து வருவது. உள்ளே நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் சந்தேகப்படுவதைவிட, மூடிய கதவுக்கு வெளியே நின்றவர் சந்தேகப்படுவதுதான் அதிகம்.

அப்படியானால் கண்ணாடிக்கு மலையில் வேலையே இல்லையா? இருக்கிறது, இரண்டு இடங்களில். ஒன்று, எட்டாம் மாதத்தில் ஜமுனாமரத்தூரிலேயே. பரிசோதனைக்கு வரும் நாளில், திருவண்ணாமலை மருத்துவமனையின் வாசல், வார்டு, அறுவை அறை, விளக்கு, திரை, தலைமாட்டில் நிற்கும் மயக்க மருந்து மருத்துவர் எல்லாவற்றையும் சுற்றிலும் படம் பிடித்துக் காட்டலாம். பேசும் குரல் அந்த மலைத் தமிழில், அங்கே பிள்ளை பெற்ற ஒரு பெண்ணின் குரலாக இருக்க வேண்டும். பக்கத்தில் கிராம சுகாதார செவிலியரோ ஆஷா பணியாளரோ உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றியதும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நெதர்லாந்து ஆய்வில் இப்படிப்பட்ட படத்தால் பதற்றம் குறையவில்லையே என்று கேட்கலாம். அங்குள்ள பெண்கள் அறுவைக்குத் தேதி குறித்து, ஏற்கெனவே விளக்கம் கேட்டு வந்தவர்கள். அவர்களிடம் படம் புதிதாகச் சேர்க்கக்கூடியது கொஞ்சம்தான். மாவட்ட மருத்துவமனையின் உட்புறத்தையே பார்த்திராதவர்களிடம் அது சேர்க்கக்கூடியது அதிகம் என எதிர்பார்க்கக் காரணம் உண்டு. எதிர்பார்ப்பு சான்று ஆகாது என்பதால், முதலில் சிறிய அளவில் செய்து பார்த்து அளக்க வேண்டும். முன்பு அவசர சிசேரியனில் மிரண்டவர்களுக்கு அந்தப் படத்தைக் கேட்காமல் காட்டவே கூடாது.

இன்னொரு இடம் அறுவை மேசை. அங்கே கண்ணாடியை, முன்பே ஒருமுறை மாட்டிப் பழகி, வேண்டும் என்று சொன்னவருக்கு மட்டும் கொடுக்கலாம். மயக்க மருந்து மருத்துவருக்குத் தாயின் பேச்சே பாதிக் கண்காணிப்பு. ‘மூச்சு முட்டுது’, ‘தலையைச் சுத்துது’ என்று அவள் சொல்வது ரத்த அழுத்தம் இறங்குவதையோ, மருந்து மேலே ஏறுவதையோ காட்டும் முதல் அறிகுறியாக இருக்கலாம். அதனால் காதை முழுவதும் அடைக்கக் கூடாது. அசையும் காட்சி சிலருக்குத் தானே குமட்டலைத் தரும். அறுவைக் குமட்டலோடு அதுவும் சேர்ந்தால் எது எதனால் என்று பிரிப்பது கடினம். ஆகவே காட்சி நகராமல் நிற்க வேண்டும். குழந்தையை எடுக்கும் முன் கண்ணாடி கழன்றுவிட வேண்டும். பிள்ளையை முதலில் பார்ப்பதும் மார்போடு அணைப்பதும் திரைக்காட்சிக்காகத் தள்ளிப்போகக் கூடாது. இந்தக் கண்ணாடியின் பொருத்தமான நேரம் அதற்குப் பிறகு, கர்ப்பப்பையைத் தைத்து மூடும் நீண்ட நேரத்தில், குழந்தையைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனபின் தாய் தனியே கிடக்கும்போது வரலாம். ஒருவருக்குப் பயன்படுத்தியதைத் துடைத்து, புது உறை போட்ட பின்னரே அடுத்தவருக்குத் தர வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

பணத்தை முன்வைத்து எழும் மறுப்பு வலுவானது. ரத்த வங்கி, மயக்க மருந்து நிபுணர், இரவில் ஓடும் வண்டி என்று கேட்க ஆயிரம் இருக்கும்போது கண்ணாடி எதற்கு? கண்ணாடி அவற்றுக்குப் போட்டியாக வந்தால் இந்த மறுப்பே சரி. உயிருக்கு அடுத்துத்தான் மனம். ஆனால் செல்போனைச் செருகிப் பார்க்கும் எளிய அட்டைக் கண்ணாடிகள் 2014-லிருந்தே சந்தையில் இருக்கின்றன. எட்டாம் மாதப் படத்துக்கு அதுவே போதும். பெரிய செலவு கருவியில் இல்லை, அதன் பக்கத்தில் உட்கார வேண்டிய ஆளில் இருக்கிறது. கருவிக்கு நன்கொடை எளிதில் கிடைத்துவிடும். திறப்பு விழாவும் படமும் உண்டு. ஒரு செவிலியர் பணியிடத்துக்கு நன்கொடை கிடைப்பதில்லை. ஆள் பற்றாக்குறையை மறைக்க வாங்கும் கண்ணாடிதான் உண்மையில் விலை உயர்ந்தது.

கடைசி மறுப்பு இன்னும் ஆழமானது. தமிழகத்தில் பிறக்கும் குழந்தைகளில் 44.9 சதவீதம் சிசேரியனில் பிறக்கின்றன என்கிறது அதே 2019–21 ஆய்வு. அதற்கு முந்தைய ஆய்வில் இது 34.1 ஆக இருந்தது. இந்திய சராசரி 21.5 மட்டுமே. தமிழகத் தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36. நூற்றுக்குப் பத்தைத் தாண்டிய பின் சிசேரியன் விகிதம் கூடுவதால் தாய்-சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார அமைப்பு 2015-ல் சொல்லிவிட்டது. இந்த நிலையில் சிசேரியனை இன்னும் இதமாக்கினால் தேவையற்ற அறுவைகள் பெருகாதா? கண்ணாடியைக் காட்டி அறுவையை விற்கும் விளம்பரம் வந்தால் அந்தக் கவலை உண்மையாகிவிடும். அதைத் தடுக்க வேண்டும். ஆனால் விகிதம் உயர்ந்த குற்றம் மேசையில் படுத்திருப்பவளுடையது அல்ல. அவளுக்கான ஆறுதலைக் குறைத்து விகிதத்தைக் குறைக்க முடியாது. மலைப்பெண்ணின் சிசேரியன் பெரும்பாலும் அவள் கேட்டு வாங்கியதும் அல்ல. சிசேரியன் விகிதத்தையும் சேர்த்துக் குறைக்கும் என்று சான்று காட்டும் வழி ஒன்று இருக்கிறது: உடனிருக்கும் துணை. கண்ணாடிக்கு அந்தப் பெருமை இல்லை.

ஆகவே வரிசை தெளிவாகவே இருக்கிறது. அறுவைக்கு முன் என்ன நடக்கும் என்று அவள் மொழியில் சொல்வது முதலில். தலைமாட்டில் தெரிந்த ஒருவர் அடுத்து. அவற்றுக்குப் பிறகு, விரும்புகிறவர்களுக்குக் கண்ணாடி. மாவட்ட மருத்துவமனைகளின் திட்டங்களில் இந்த வரிசை தலைகீழாகப் போகாமல் பார்த்துக்கொள்வது நிர்வாகிகளின் கடமை. ‘உள்ளே யாராவது ஒருவர் கூட இருக்கலாமா?’ என்று தயங்காமல் கேட்பது குடும்பத்தினரின் உரிமை. 2004-ல் பிரசவ அறைக் கதவைத் திறந்த தமிழகம், அறுவை அறைக்குள் ஒரு நாற்காலி போடுவதற்கு இன்னும் காத்திருக்கக் காரணம் எதுவும் இல்லை.